செட்டிநாட்டில் பசியாறவும் தாகம் தீர்க்கவும் சில யோசனைகள்

காரைக்குடியில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர் பசித்த வயிற்றோடு முதலில் தேடுவது ‘செட்டிநாடு’ என்று எழுதியிருக்கும் பெயர்ப்பலகையைத்தான். சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அந்தப் பலகைக்குப் பஞ்சமே இல்லை. செட்டிநாட்டுக்குள்ளேயே அதை மாட்டியிருக்கும் கடை, பெரும்பாலும் சுற்றுலா வண்டியில் வருகிறவர்களை நம்பி மாட்டியதாகவே இருக்கும். உள்ளூர்க்காரர் நுழைகிற கடையின் பலகையில் யாராவது ஒருவருடைய பெயரும் அதன் பின்னால் ‘மெஸ்’ என்பதும் இருக்கும். சில இடங்களில் பலகைகூட இருக்காது, வாசலில் நிற்கும் இருசக்கர வண்டிகளை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

கடையைக் கண்டுபிடிப்பதைவிட நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே முக்கியம். வட்டித் தொழிலுக்காகப் பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடல் கடந்து போய்வந்த காலத்தில், இந்த ஊர்களின் சமையல் முழுவதும் வளவும் பட்டாலையும் கொண்ட பெரிய வீடுகளின் அடுப்படியிலேயே வளர்ந்தது. விருந்தும் கல்யாணமும் வீட்டிலேயே நடந்ததால், வெளியில் காசு கொடுத்து நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை. இன்றைய மெஸ்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன: காலையில் சந்தைக்குப் போய் அன்றைக்குக் கிடைத்ததை வாங்கி வந்து, பதினொரு மணிக்குள் சமைத்து, பன்னிரண்டரை மணிக்குப் பரிமாறத் தொடங்கி, மூன்று மணிக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். இரண்டே கால் மணிக்குக் குடும்பத்தோடு நுழைந்து, “என்ன இருக்கிறது?” என்று கேட்பவருக்கு ரசமும் மோரும் இருக்கும், ஆறுதலாக ஒரு முட்டையும் பொரித்துத் தருவார்கள். பன்னிரண்டே முக்கால் மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்திருப்பவரே செட்டிநாட்டில் சாப்பிடத் தெரிந்தவர்.

இலை போட்டவுடன் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுமையாக இருங்கள். சப்ளையர் ஒரு பெரிய தாம்பாளத்தில் பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். ஒன்றில் சுக்கா இருக்கும், ஒன்றில் கோழி வறுவல், மற்றொன்றில் காடை. கால்களை விரித்துக்கொண்டு மசாலாவில் கிடக்கும் நண்டு, சுருண்ட இறால், எண்ணெய் மின்னும் ஈரல், அன்றைக்கு வந்த மீனின் வறுத்த துண்டு என்று வரிசை நீளும். அந்தத் தாம்பாளம் உங்கள் மூக்குக்கு அருகில் நிற்கும் பத்து நொடிகளுக்குள்தான் மதியச் சாப்பாட்டின் மொத்தச் செலவும் முடிவாகிறது. வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒரு தட்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்த கணமே அது கணக்கில் ஏறிவிடும். சாப்பாட்டின் விலை சுவரில் எழுதியிருக்கும், தாம்பாளத்தின் விலை எங்கும் எழுதியிருக்காது. ஆகவே நண்டுக்கும் இறாலுக்கும் மட்டுமாவது, “அண்ணே, இது என்ன விலை?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. கணக்கு வழக்கில் கறாராக இருப்பதை இந்தச் சீமையில் யாரும் குறையாக எண்ணுவதில்லை.

எதை எடுப்பது என்று தயங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கலாம். செங்கல் சிவப்பில் பளபளக்கும் கோழியை அப்படியே தாம்பாளத்தோடு திருப்பி அனுப்புங்கள். முறையாகச் செய்த வறுவல் ஒருவிதக் கரும்பழுப்பில் இருக்கும். சின்ன வெங்காயம் வதங்கிச் சுருண்டு மசாலாவோடு ஒட்டியிருக்கும். முகர்ந்தால் மிளகாய்க்கு முன்னால் மிளகும் சோம்பும் எழும், அவற்றுக்கு அடியில் மழை நனைத்த மரப்பட்டையை நினைவூட்டும் கல்பாசியின் வாசனை வரும். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே கண்ணீர் வரவழைக்கும் காரம் என்ற எண்ணம் நெடுஞ்சாலை ஓட்டல்கள் பரப்பிய வதந்தி. கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் பட்டையும் அளவோடு சேரும் சமையலில் காரம் அவற்றை மிஞ்சிவிட்டால், சமைத்தவர் மசாலாவில் மிச்சம் பிடித்திருக்கிறார் என்றே பொருள்.

குழம்புகளைப் பொறுத்தவரை வெளியூர்க்காரர் வழக்கமாகச் செய்யும் காரியம், கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு மூன்றையும் ஒரே சோற்றுக் குவியலின் மேல் ஊற்றச் சொல்வது. சப்ளையர் மறுக்க மாட்டார், ஆனால் அடுத்த மேசைக்குப் போனதும் தம் கருத்தைச் சொல்லுவார். சோற்றை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, கறிக்குழம்பில் தொடங்கி மீன்குழம்புக்கு வந்து, பிறகு ரசம், கடைசியில் மோர் என்று இறங்குவதே சரியான வரிசை. நண்டு ரசமோ எலும்பு ரசமோ உண்டு என்று காதில் விழுந்தால் அதைத் தம்ளரில் தனியாக வாங்கிக் குடியுங்கள்.

எந்தக் கிழமையில் வருவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. ஆட்டுக்கறிக்கு ஞாயிற்றுக்கிழமையை விஞ்சிய நாள் இல்லை. செவ்வாயிலும் வெள்ளியிலும் பல வீடுகளில் கவிச்சி கிடையாது என்பதால் மெஸ்களிலும் தாம்பாளம் சற்று இளைத்திருக்கும். புரட்டாசி மாதத்தில் இன்னும் இளைக்கும். மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது ஊரில் பாதிப்பேர் விரதத்தில் இருப்பார்கள். அந்த நாட்களில் இரண்டாம் முறை கறி கேட்கிறவரை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். மீனுக்கும் நண்டுக்கும் தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடலே ஆதாரம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்து வஞ்சிரம் கேட்கிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டுக் கோழிக்கு மாறிவிடுவது வழக்கம். கோழிக்குத் தடைக்காலம் கிடையாது.

சைவம் சாப்பிடுகிறவர்களை இந்த ஊரின் புகழ் நீண்ட காலமாகவே வஞ்சித்து வருகிறது. நகரத்தார் வீடுகளில் வாரத்தின் பல நாட்கள் சைவச் சமையல்தான். அதில் உள்ள நுட்பம் கறியில் இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு, நானும் அந்தக் கட்சி. அரிசி கழுவிய கெட்டியான கழனித் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கீறிய பச்சை மிளகாயும் சேர்த்துச் செய்கிற வெண்டைக்காய் மண்டியை ஒருமுறை சாப்பிட்டவர், பக்கத்து இலையில் இருக்கும் சுக்காவைப் பார்த்துப் பெருமூச்சு விட மாட்டார். காலை இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் கத்திரிக்காய் கோசமல்லி வைக்கிற இடம் கிடைத்தால், சாம்பார் வாளியைக் கையமர்த்திவிட்டு அதையே மீண்டும் கேளுங்கள். இவையெல்லாம் சுவரில் எழுதும் விலைப்பட்டியலில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். “இன்றைக்கு மண்டி இருக்கிறதா?” என்று பெயர் சொல்லிக் கேட்டால், இருந்தால் உள்ளிருந்து வரும், இல்லாவிட்டாலும் கேட்டவரின் மேல் மரியாதை கூடும்.

மாலை நான்கு மணிக்கு மேல் ஊர் பலகாரத்துக்குத் திரும்புகிறது. மசாலாச் சீயம், குழிப்பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் நல்லவையே என்றாலும், ஒரு கடையின் தரத்தை அளக்க வெள்ளைப் பணியாரம் ஒன்று போதும். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே அளவையின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் ஊறவைத்து நைசாக ஆட்டிய மாவு அது. உப்பும் சிறிது பாலும் சேர்ப்பார்கள். சிறிய இருப்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை நடுவில் விட வேண்டும். மாவு முதலில் அடியில் போய் உட்கார்ந்து, பிறகு மெல்ல மேலே வந்து, ஓரம் வட்டமாகப் படர்ந்து நடு மட்டும் உப்பி நிற்கும். மேலே எண்ணெயைக் கோதிவிட்டுத் திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டை ஊற்ற முடியாது. ஆகவே பத்துப் பணியாரம் கேட்டால் பத்துமுறை சட்டி பார்க்க வேண்டும், நீங்களும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கேட்டவுடன் கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு நடையைக் கட்டலாம். பணியாரம் சிவந்திருந்தால் அதைச் சுட்டவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று கொள்க. தொட்டுக்கொள்ளத் தருகிற வரமிளகாய்த் துவையலை முதலில் நுனிவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னேறுவது உசிதம்.

பெரிய வீடுகளில் விருந்து சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இப்போது வாய்ப்புகள் உண்டு. காரைக்குடியில் தேவகோட்டைச் சாலையில் உள்ள ‘பங்களா’ என்ற விடுதி, கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் ஆகியவை மரபு விடுதிகளாக நடக்கின்றன. குறிப்பாக, மீனாட்சி மெய்யப்பன் நடத்திவரும் பங்களாவின் வாழையிலை மதிய உணவுக்கென்றே தொலைவிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பசித்த பிறகு வாசலில் வந்து நிற்பவருக்குத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடி ஓடுகளையும் காட்டுவார்களே தவிர, இலை போடுவது கடினம். செலவு மெஸ்ஸைப்போலப் பல மடங்கு ஆகும். பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டு விருந்துகளில் நிலைத்துவிட்ட கவுனி அரிசி போன்ற பண்டங்கள் மெஸ்ஸில் எளிதில் கிடைப்பதில்லை. முதல் நாள் இரவே ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்க்கும் பொறுமை இத்தகைய வீடுகளுக்குத்தான் உண்டு. கொடுக்கிற பணத்தில் பாதி அந்தப் பொறுமைக்கு என்று எண்ணிக்கொண்டால் மனம் ஆறும். பரிமாறுகிறவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வயதான அம்மையார் யாராவது நடந்துவந்தால், “மேடம்” என்பதை விட்டு “ஆச்சி” என்று அழையுங்கள். அடுத்த கரண்டி பாயசம் கேட்காமலே வரும், போதும் என்று சொன்னாலும், “இளவட்டப் பிள்ளை, இதுக்குள்ள போதும்னா எப்படி?” என்ற பதிலோடு இன்னொரு கரண்டியும் வரும். மறுக்க விரும்புகிறவர்கள் இலையை மடித்துவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும்.

இனி தாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருநகரத்து வாசகர்கள் மங்கலான விளக்கும் மெல்லிய இசையும் உயர்ந்த முக்காலியும் கொண்ட பப் எங்கே என்று கேட்பார்கள். செட்டிநாட்டில் மங்கலான விளக்கு உண்டு. மற்ற இரண்டையும் எதிர்பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருப்பதால், சாமானியர் போகுமிடம் அதன் கடையும் அதையொட்டிய பாரும்தான். இவற்றைத் தவிர, உரிமம் பெற்ற சில விடுதிகளின் பார்களும் மனமகிழ் மன்றங்களும் இருக்கும். மன்றத்துக்கு உறுப்பினராக வேண்டும் என்பது விதி, மனம் மகிழ்வது உறுப்பினரின் பொறுப்பு. மரபு விடுதியில் தங்குகிறவர்கள், அங்கே மது கிடைக்குமா என்பதை அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

டாஸ்மாக் பாரில் நுழைகிறவர் முதலில் கடையில் தேவையானதை வாங்கிக்கொண்டு, பிறகே பாருக்குள் போக வேண்டும். பார் நடத்துகிறவர் தருவது தண்ணீர், தம்ளர், தொட்டுக்கொள்ளும் பண்டங்கள் ஆகியவை மட்டுமே. 21 வயது நிறையாதவருக்கு விற்பனை கிடையாது. கேட்கிற சரக்கு இருக்குமென்று நம்பிப் போகக் கூடாது. இருக்கிறதில் ஒன்றைச் சொல்லிப் பணத்தைச் சரியான சில்லறையாக நீட்டுகிறவருக்கே பின்னால் நிற்கும் வரிசையின் நல்லெண்ணம் கிடைக்கும். அங்கே யாரும் நெடுநேரம் உட்கார்ந்து உரையாடுவதில்லை. எதிரில் அமர்ந்திருப்பவரிடம் ஊர், பெயர், தொழில் விசாரிப்பதும் மரியாதையல்ல, ஏனென்றால் மறுநாள் காலையில் அவரை வங்கியின் கவுன்ட்டருக்கு அப்பால் சந்திக்க நேரலாம்; இருவரும் அறிமுகமற்றவர்களாக இருப்பதே இருவருக்கும் சௌகரியம்.

பண்டங்களில் அவித்த கடலையும் முட்டையும் நம்பகமானவை. மேலே சொன்ன செங்கல் சிவப்புக் கோழியின் தாய்வீடு இதுதான் என்பதால் அதைப் பற்றி மீண்டும் எழுதவில்லை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. மெஸ்களோ பன்னிரண்டரைக்குப் பரிமாறத் தொடங்கி மூன்று மணிக்குள் ஏறக்கட்டிவிடுகின்றன. முதலில் தாகத்தைத் தீர்த்துவிட்டுப் பிறகு பசியைக் கவனிக்கலாம் என்று கிளம்புகிறவர், மெஸ்ஸுக்கு வந்து சேரும்போது தாம்பாளத்தில் வெறும் தட்டுகள் இருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு, தேவைப்பட்டால் இரவு தாகத்துக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் ஒரே வழி. இரவில் பசித்தால் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. கல்லில் தட்டிப் புரட்டும் சத்தமே வழிகாட்டும் என்பதால் முகவரி தேவைப்படாது. வாகனம் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் இரவு முழுவதும் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். குடித்துவிட்டு ஓட்டி முதன்முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தப் பணத்தில் மரபு விடுதியில் குடும்பத்தோடு இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம்.

மதுக்கடைகள் மூடியிருக்கும் நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகியவை. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்க்க நண்பர்களைத் திரட்டிக்கொண்டு முந்தின நாளே வந்து தங்குகிறவர்கள், அந்த முந்தின நாள் திருவள்ளுவர் தினம் என்பதைக் கடையின் பூட்டைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். இவற்றில் சில நாட்களில் இறைச்சிக் கடைகளையும் மூடச் சொல்லி உள்ளாட்சிகள் ஆணையிடுவது உண்டு. அன்றைக்குக் கள்ளுண்ணாமையும் புலால் மறுத்தலும் ஒருசேர வாய்க்கும். பன்னீர் சோடாவும் வெண்டைக்காய் மண்டியுமாகப் பொழுதைக் கழிக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது பலகாரம் வாங்காமல் போகிறவர்கள் குறைவு. வாரக்கணக்கில் கெடாமல் இருப்பவை தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் முதலியவை. அதிரசம் சில நாட்கள் தாங்கும். சீயத்தையும் கந்தரப்பத்தையும் அன்றைக்கே தின்றுவிட வேண்டும், ஊருக்குக் கொண்டுபோகும் பேச்சே கூடாது. என்றைக்குச் சுட்டது என்று கேட்டு, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பழைய எண்ணெயின் காறல் மூக்குக்குத் தப்பாது. வீட்டிலேயே செய்து கொடுக்கிற ஆச்சிமார்களிடம் வாங்குவதானால் இரண்டு நாட்கள் முன்னதாகச் சொல்லி, கூடுமானவரை டின்னில் அடைத்துத் தரச் சொல்ல வேண்டும். சென்னைக்குப் போகும் பல்லவன் விரைவு வண்டி காரைக்குடியிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடும், அந்நேரத்தில் எந்தப் பலகாரக் கடையும் திறந்திருக்காது. ஆகையால் முந்தின நாள் மாலையே வாங்கிவைத்து, பெட்டியின் மேல்தட்டில் மற்றவர்களின் சூட்கேஸ் ஏறி நொறுங்கிவிடாத இடமாகப் பார்த்து வையுங்கள். திருச்சிக்கு முன்னால் டின்னைத் திறக்க வேண்டாம், திறந்தால் சென்னைக்கு டின் மட்டுமே போய்ச் சேரும்.